நீல முக்கோணத்தார்

‘டைம்’ பாட்டில் கடிகாரங்கள் எல்லாம் அலறி ஓய்ந்து, டிரம்ஸ் மெல்ல உருளத் தொடங்கும் இடத்தில் நீல முக்கோணத்தார் ஊசியைத் தூக்கிவிடுவார். பாடகர் இன்னும் வாயே திறக்கவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. தட்டை மாற்றுவார். அதே கடிகாரங்கள், அதே டிரம்ஸ். மறுபடியும் ஊசியைத் தூக்கிவிட்டு நம் முகத்தையே பார்ப்பார்.

“என்ன, தெரியுதா?”

தெரியவில்லை என்றால் மூன்றாவது தட்டு வரும். தெரிகிறது என்றால் இன்னும் ஆபத்து. எதில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று விளக்க வேண்டும். “இதுல கொஞ்சம் தெளிவா இருக்கு” என்று ஒரு விருந்தாளி பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். “அதான் தப்பே!” என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார் இவர்.

‘டைம்’ இடம்பெற்ற பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பம் 1973 மார்ச்சில் வந்தது. பிரிட்டனில் முதன்முதலில் அச்சான தட்டுகளின் லேபிளில் முக்கோணம் முழுக்க நீலம் நிரம்பியிருக்கும். பின்னால் வந்தவற்றில் வெறும் கோடுதான். நீலம் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. இவரைப் போன்ற எல்லோரிடமும் அந்த நீல முக்கோணம் இருக்கும். இல்லையென்றால், அது கைநழுவிப்போன கதையாவது இருக்கும்.

“முதல்ல வந்ததுதான் ஆல்பம். மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் பிழைப்பு.” இது அவர் கொள்கை. கொள்கைப்படி ஒரே ஒரு தட்டோடு நின்றிருக்க வேண்டும். அலமாரியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1979இல் மொபைல் ஃபிடெலிட்டி வெளியிட்ட பதிப்பு இருக்கிறது. எண்பதுகளில் ஜப்பானில் அச்சாகி, சேகரிப்பவர்கள் ‘கறுப்பு முக்கோணம்’ என்று கொண்டாடும் சிடி இருக்கிறது. இருபதாம் ஆண்டுக்கு 1993இல் வந்தது, முப்பதாம் ஆண்டுக்கு 2003இல் ஜேம்ஸ் கத்ரி பல ஸ்பீக்கர்களுக்காகப் பிரித்துக் கலந்து தந்தது, 2011இல் வந்த பெரிய பெட்டி, 2023இல் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி, எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வாங்கும் முன் திட்டினார், வாங்கிய பிறகும் திட்டினார். கையில் இல்லாமல் எப்படிக் குறை சொல்வதாம்?

அந்த 2011 பெட்டியைக் கொஞ்சம் பிரித்துக் காட்ட வேண்டும். ஆறு டிஸ்க்குகள். கூடவே ஒரு மப்ளர், தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டைகள், அப்புறம் கோலிக்குண்டுகள். ஆம், கோலிக்குண்டுகள். பாட்டுக்கும் கோலிக்கும் என்ன உறவு என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு குண்டு தொலைந்தால் பெட்டியின் மறுவிற்பனை மதிப்பு போய்விடும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பேரப்பிள்ளைகள் வரும்போது முதலில் பூட்டப்படுவது அந்தப் பெட்டிதான்.

சோதனைக்கு வருவோம். விருந்தாளிக்கு ஒரே நாற்காலி. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில், தரையில் ஒட்டிய டேப் துண்டின் மேல் அதன் கால்கள் நிற்கும். தலையைத் திருப்பக் கூடாது. கோப்பையைக் கீழே வைக்கக் கூடாது, சத்தம் வரும். அவர் தட்டை விளிம்பில் பிடித்து விளக்குக்குக் கீழே சாய்த்து, பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி வரும் வெற்று வளையத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். அங்கே கையால் கீறிய எழுத்துகள் இருக்கும். ‘லெட் செப்பலின் II’ தட்டில் ‘ஆர்.எல்.’ என்று கீறியிருந்தால் அதன் அச்சுக்கான மூலத் தட்டை 1969இல் வெட்டியவர் ராபர்ட் லட்விக். வெட்டில் சத்தம் அத்தனை ஓங்கியிருந்ததால், அட்லாண்டிக் கம்பெனியின் அஹ்மெட் எர்டெகன் வீட்டுப் பிளேயரில் ஊசி துள்ளியதாம். உடனே அடக்கிவாசித்து வேறு வெட்டு போட்டார்களாம். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். உலகமே பாடகர்களின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும்போது, தட்டை வெட்டியவரின் பெயரை ஒருத்தராவது நினைவில் வைத்திருப்பது நல்ல விஷயம்தான்.

ஆனால் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. ஒரே பாட்டை ஒரு துளி சத்தம் கூட்டிப் போட்டாலே காது அதைத்தான் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லும். ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். நீல முக்கோணத்தார் சமப்படுத்துவதில்லை. நீலத்துக்கு மட்டும் குமிழ் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிடுகிறது, தற்செயலாக.

அவர் சொல்வதெல்லாம் வீம்பு என்றும் தள்ள முடியாது. இகி பாப் 1997இல் ‘ரா பவர்’ ஆல்பத்தைத் தானே மறுபடி கலந்தார். மெல்லிய இடம் வன்மையான இடம் என்ற பேதமே இல்லாமல் எல்லாம் ஒரே கூச்சல். 1987இல் ஸீஸீ டாப்பின் பழைய ஆல்பங்களைச் சிடியாக்கியபோது எழுபதுகளின் டிரம்ஸுக்கு எண்பதுகளின் எதிரொலியைப் பூசிவிட்டார்கள். 2002இல் ஆஸி ஆஸ்பர்னின் முதல் இரண்டு ஆல்பங்களுக்கு நடந்தது இதைவிட அநியாயம். பழைய பேஸ் கலைஞரோடும் டிரம்மரோடும் வழக்கு. ஆகவே அவர்கள் வாசித்ததை அழித்துவிட்டு வேறு ஆட்களை வாசிக்க வைத்து, அதே அட்டையில் விற்றார்கள். 2011இல்தான் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. இதற்கு யார் கோபப்பட்டாலும் தகும்.

பீட்டில்ஸ் என்று வந்தால்தான் அவர் தடுமாறுவார். ‘சார்ஜண்ட் பெப்பர்’ 1967இல் வந்தபோது நால்வரும் கூட இருந்து கவனித்தது மோனோ கலவையைத்தான். ஸ்டீரியோவை ஜார்ஜ் மார்ட்டினும் ஜெஃப் எமெரிக்கும் சீக்கிரமாக முடித்தார்கள். 2017இல் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் மோனோவின் போக்கைப் பார்த்தே புதிய ஸ்டீரியோ கலந்தார். “அப்பா கட்டின வீட்டுல மகன் சுவரை இடிக்கலாமா?” என்று கொதித்தார் நம்மவர். 2022இல் ‘ரிவால்வர்’ வந்தது. 1966இல் நாலே டிராக்கில் பதிந்த ஆல்பம் அது. ஒரே டிராக்கில் ஒட்டிக்கிடந்த டிரம்ஸையும் பேஸையும் கிதாரையும் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் மென்பொருள் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. அதைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வருபவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுவதும் இல்லை. தனியாக இருக்கும்போது கேட்பதாக வீட்டில் சொல்கிறார்கள்.

“ஒரிஜினல் டேப்பை அப்படியே ஓட்டினா போதுமே” என்பார். டேப் அப்படியே இருந்தால்தானே? எழுபதுகளில் வந்த சில டேப்புகளின் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் ஒலியைத் தாங்கிய பூச்சே உரிந்து வரும். அடுப்பில் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வாட்டித்தான் ஓட்ட வேண்டும், உடனே பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். 2008இல் யுனிவர்சல் ஸ்டுடியோ தீயில் மூல டேப்புகள் ஏராளமாக எரிந்ததும் நடந்தது. மறுபதிப்பு வேண்டும்தான். பழையதைக் கடையை விட்டே விரட்டாமல் பக்கத்திலேயே வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்ட்ரீமிங்கில் பல ஆல்பங்களுக்குப் புதியது மட்டுமே கிடைக்கிறது. இது அவர் புகாராக இருந்தால் நாமும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். அவர் புகாரோ கடிகாரச் சத்தத்திலேயே நின்றுவிடுகிறது.

2022 ஜூலையில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனி மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ தட்டை 40,000 பிரதிகள் போடப்போவதாக அறிவித்திருந்தது. அத்தனைக்கும் மூல டேப்பை எத்தனை முறை ஓட்டுவார்கள், யார் விடுவார்கள் என்று கணக்குப் போட்டவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. அரிசோனாவில் ஒரு ரெக்கார்டு கடைக்காரர் கேள்வி எழுப்ப, கம்பெனியின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள்: டேப்பை நேரே தட்டுக்கு வெட்டவில்லை, இடையில் டிஜிட்டலாக மாற்றுகிறோம், பல ஆண்டுகளாகவே இப்படித்தான். அனலாக் சுகத்துக்கு உதாரணம் என்று மெச்சப்பட்ட தட்டுகள் அவை. வழக்கு நடந்து, 2.5 கோடி டாலர் அளவில் சமரசமானது. தட்டைத் திருப்பித் தந்தால் முழுப் பணம், வைத்துக்கொண்டால் சிறு தொகை.

நீல முக்கோணத்தாரிடம் அந்தத் தட்டுகள் ஒரு வரிசையே உண்டு. டிஜிட்டலில் இந்த உயிர் வருமா என்று அவற்றைப் போட்டுத்தான் வருஷக்கணக்கில் நம்மை உட்கார வைத்துப் பரீட்சை நடத்தினார். ஒன்றைக்கூட அவர் திருப்பித் தரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “சவுண்டு நல்லாத்தானே இருக்கு” என்றார். அதன்பிறகு வாங்கும் எந்தத் தட்டையும் உடனே போடுவதில்லை. எந்த டேப்பிலிருந்து எந்த வழியாக வெட்டினார்கள் என்று எங்காவது அச்சிட்டிருக்கிறதா எனப் பூதக்கண்ணாடியோடு உறையைத் தேடிப் படித்து முடித்துவிட்டு, அப்புறம்தான் அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டுப் பார்க்கிறார்.