இரண்டு விரற்கடை: பத்தியின் முன்னிடம் குறித்து ஓர் ஆராய்ச்சி

பத்தி என்னும் சொல் பக்தியையும் குறிக்கும், ஊதுபத்தியையும் குறிக்கும், செய்தித்தாளில் வாரந்தோறும் ஒருவர் எழுதித் தள்ளுவதையும் குறிக்கும். ஈண்டு எடுத்துக்கொண்டது கட்டுரையின் பத்தி. அதிலும் பத்தியை அன்று, பத்தி தொடங்குமுன் விடப்படும் வெற்றிடத்தை மட்டுமே ஆராயப் புகுகிறோம். எழுதப்படாத ஒன்றைப் பற்றிய ஆய்வு என்பதால் மேற்கோள் தேடி அலையும் தொல்லை இல்லை.

இவ்விடத்தின் அளவு யாதோ எனின், இரண்டு விரல் என்க. "பத்தி ஆரம்பிச்சா ரெண்டு விரல் விட்டு எழுதுடா" என்பது ஐந்தாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா அருளிய சூத்திரம். நாங்களும் இடக்கை விரல் இரண்டைக் கோட்டின்மேல் ஊன்றி, அவற்றை ஒட்டி முதற்சொல்லை எழுதுவோம். 12 விரற்கடை ஒரு சாண் என்பது பழைய வாய்பாடு. ஆகவே முன்னிடம் என்பது சாணில் ஆறில் ஒரு பங்கு. கணக்கு சரிதான், ஆனால் யாருடைய விரல்? மாணவன் விரல் வருடா வருடம் வளர்கிறது. தேர்வுக்கூடத்திலோ அது திடீரென்று பருத்தும் விடுகிறது. அடிஷனல் ஷீட் வாங்கியே தீருவது என்று வந்தவர்கள் நான்கு விரல்வரை விட்டதை அடுத்த பெஞ்சிலிருந்து நேரில் கண்டிருக்கிறேன். (எட்டிப் பார்த்ததற்கு நான் பட்டது தனி ஆய்வுக்குரியது.)

இனி, தோற்றம். ஓலைச்சுவடியிலேயே இது உண்டு என்பாரும் உளர். அற்றன்று. ஓலையில் இடைவெளி உண்டுதான். அது துளையைச் சுற்றி விட்டது. படிக்கிற நூலுக்காக அன்று, கட்டுகிற நூலுக்காக. புள்ளியும் வைக்காமல், சொல்லும் பிரிக்காமல் ஓலையின் விளிம்புவரை எழுதிச் சென்றவர்களா பத்திக்கு இடம் விடப்போகிறார்கள்? வெண்பாவின் ஈற்றடியில் ஒரு சீர் குறைகிறதே எனின், அந்தச் சிக்கனம் கடைசி அடியில். நம் வெற்றிடம் முதலடியில்.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே கையெழுத்துப் பிரதிகளில் பத்தி தொடங்கும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு குறி போடுவார்கள். எழுதுகிறவர் இடம் விட்டுப் போவார். குறி போடுகிறவர் வேறு ஆள். அச்சு வந்து புத்தகங்கள் பெருகியபின் குறிக்காரருக்குக் கை போதவில்லை. இடம் மட்டும் நின்றுவிட்டது என்பர். ஆக, ஓர் ஆள் வேலையை முடிக்காமல் விட்டதைத்தான் நாம் விரல் வைத்து அளந்திருக்கிறோம்.

அஞ்சலட்டைக்கு இவ்விதி செல்லாது. நலம் விசாரிப்பதில் தொடங்கி, பசு கன்று போட்டது வரை என் அத்தைக்கு எல்லாம் ஒரே பத்தி. மிச்சத்தை ஓரத்தில் தலைகீழாக எழுதுவார்.

மறுதலையும் உண்டு. கீடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் என்ற கணினி மொழியில் முன்னிடமே இலக்கணம். ஒரு படி உள்ளே போக 4 இடம் விடுவது அங்கே வழக்கு. பிசகினால் நிரல் ஓடாது. எங்கள் அய்யா அரை மதிப்பெண்ணோடு விட்டுவிடுவார்.

கைபேசியில் எழுதுவதே விரல் என்றாகிவிட்டதால், அளப்பதற்கு விரல் மிஞ்சவில்லை. பத்திகளுக்கிடையே ஒரு வரியைக் காலியாக விட்டுவிடுகிறோம். இக்கட்டுரையும் அவ்வாறே தட்டச்சாகியிருக்கிறது. முன்னிடம் வேண்டுவோர் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் தத்தம் விரல் இரண்டை வைத்துப் படித்துக்கொள்ளவும். முதற்சொல் மறைந்தாலும் பொருட்கேடு எதுவும் வாராது.