வசை வாழ்த்து எந்திரத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்: கிட்ஹப்பில் கணக்கு வைத்திருக்கும் ஒருவன், கிளாவரை, கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு வசை வாழ்த்து எந்திரம் அவர்கள், இணையம்.

பொருள்: ஒரே நிமிடத்தில் என்னைத் திட்டியதும் புகழ்ந்ததும் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா,

புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தின் கணக்குப் பெயரை உங்கள் பெட்டியில் போட்டால் காரசாரமாகத் திட்டுவீர்கள் என்று பெங்களூரில் வேலை பார்க்கும் பங்காளி சொன்னான். போட்டேன். வருஷம் முழுக்க என் கணக்கின் நாள் கட்டங்கள் வெறிச்சோடிக் கிடப்பதாகவும், நான் கீபோர்டைத் துணி காயப்போட வைத்திருப்பதாகவும் ஆரம்பித்து, கணக்கில் நான் போட்டிருக்கும் கிளாவரை என்றொரு ஊரே நானாகக் கட்டிவிட்ட கதை என்று முடித்தீர்கள். பக்கத்தில் 'பாராட்டு' என்று இன்னொரு பட்டன் இருந்தது. சும்மா இருக்க முடியுமா? அழுத்தினேன். அதே வெறுங்கட்டத்துக்கு 'அளந்து எழுதும் நிதானி', அதே ஊருக்கு 'மலையுச்சியில் தவமிருக்கும் மேதை'. தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணி மாறுகிறவர்கள்கூட நடுவில் ஐந்து வருஷம் எடுத்துக்கொள்வார்கள், ஐயா.

ஊர் கற்பனை இல்லை. கொடைக்கானலில் பஸ் ஏறி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் தாண்டி வந்தால் வரும். அதற்கப்புறம் காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு எங்கள் பக்கத்துச் சரக்குதான்.

உங்கள் சமையல் எனக்குத் தெரியாததில்லை. நானும் இதே தொழில். பெயர் வந்ததும் கிட்ஹப்பிடம் போய், எல்லாருக்கும் திறந்து கிடக்கிற விவரத்தை வாங்குகிறீர்கள். ரெப்போ என்கிற புரோகிராம் பெட்டி எத்தனை, அதற்கு விழுந்த ஸ்டார் எத்தனை, ஃபாலோயர் எத்தனை, பச்சைக் கட்டம் எத்தனை, தன்னைப் பற்றி ஆள் எழுதிக்கொண்ட ஒற்றை வரி என்ன. அதை ஒரு மொழி மாடலிடம் நீட்டி 'இரக்கம் பார்க்காமல் திட்டு' என்று உத்தரவு. பாராட்டென்றால் உத்தரவு மட்டும் மாறும். எழுதிய புரோகிராமைத் திறந்து பார்ப்பது இந்த வேலையில் எங்கேயும் வராது.

நீங்கள் நம்பியிருக்கிற அந்தப் பச்சைக் கட்டம் 2013-ல் வந்தது. நாளுக்கு ஒரு கட்டம். கணக்கு ஏற ஏறப் பச்சை அடரும். ஒரு கமாவைத் திருத்திச் சேமித்தாலும் ஒரு கமிட். ராத்திரி முழுக்கக் கண்விழித்து சர்வரைக் காப்பாற்றினாலும் ஒரு கமிட். கம்பெனியின் பூட்டிய ரெப்போவில் உழைத்தது, நாமாகக் காட்டச் சம்மதித்தால் தவிர, வெளியே தெரியாது. அடுத்தவர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்ட நாளுக்குப் பச்சையே கிடையாது. கமிட் தேதியை நம் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பதால், பழைய தேதிகளில் வெற்று கமிட் போட்டுத் தன் பெயரையே பச்சையில் வரைந்து வைத்தவர்களும் உண்டு. விடாமல் எத்தனை நாள் கமிட் போட்டோம் என்று காட்டிய எண்ணை 2016-ல் கிட்ஹப்பே எடுத்துவிட்டது. பண்டிகை நாளிலும் லேப்டாப்பை மூடாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

2022-ல் பதக்கங்களும் வந்தன. வேறு யாரும் சரிபார்க்காமல் தன் மாற்றத்தைப் புராஜெக்ட்டில் சேர்த்து மெர்ஜ் செய்துவிட்டால் அதற்கு 'யோலோ' என்று ஒரு பதக்கம். நம் ஆபீஸ்களில் அதற்கு மெமோ கொடுப்பார்கள்.

எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 அக்டோபரே சாட்சி. நாலு புல் ரிக்வெஸ்ட், அதாவது திருத்தக் கோரிக்கை, அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாத நிகழ்ச்சி அறிவித்திருந்தது. உலகெங்கும் முன்பின் தெரியாதவர்கள் எழுதிய ரீட்மி என்ற அறிமுக ஃபைல்களில் 'அருமையான புராஜெக்ட்' என்ற ஒற்றை வரியைச் சேர்த்து அனுப்பித் தள்ளினார்கள். மாதம் பிறந்த சில நாளிலேயே, சம்மதம் சொன்ன புராஜெக்ட்டுக்கு அனுப்பினால்தான் கணக்கு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

என் விஷயத்துக்கு வருகிறேன். 'யாருக்கும் உதவாத குப்பை' என்று நீங்கள் தனியாக எடுத்துத் திட்டிய ரெப்போ, அப்பாவுக்காக எழுதிய பூண்டுக் கணக்கு. வடுகபட்டி மண்டிக்கு மூட்டை போனால் கமிஷன், வண்டி வாடகை, சாக்கு, ஏற்றுக்கூலி, ஈரத்துக்குக் கழிவு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கைக்கு எவ்வளவு வரும் என்பதை போனில் காட்டும். எங்கள் தெருவில் பூண்டு போடுகிறவர்கள் மண்டிச் சீட்டை வைத்துக்கொண்டு அதில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மண்டிக்காரரிடம் பேச்சையே தொடங்குகிறார்கள். அதற்கு விழுந்த ஸ்டார் இரண்டு. ஒன்று நான் போட்டது.

பங்காளி அந்த ஃபைலைத் திறந்து பார்த்தான். "கமிஷனைப் புரோகிராமுக்குள்ளயே எழுதி வச்சிருக்கியே, மண்டியில மாத்துனா சித்தப்பா உனக்குப் போன் போட்டு உட்கார்ந்திருக்கணுமா?" என்றான். அதற்குப் பேர் திட்டு. அன்று ராத்திரியே மாற்றினேன். நீங்கள் திட்டியதில் மாற்றுவதற்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஊர்ப் பெயரை வேண்டுமானால் மாற்றலாம்.

திட்டையும் பாராட்டையும் ஒரே மூச்சில் சொல்ல இங்கே ஆள் இல்லாமல் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய ஆயுதக் கிடங்கைப் பார்த்தார். உன்னுடையவை மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, கட்டுக்காவலோடு மின்னுகின்றன. அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றில் 95-ஆவது பாட்டு. கேட்டவனுக்கு மாலை போட்டது போலவும் இருந்திருக்கும், கன்னத்தில் அறைந்தது போலவும் இருந்திருக்கும். அதற்கு இரண்டு பட்டன் தேவைப்படவில்லை. ஆனால் அவர் கிடங்குக்குள் போய்ப் பார்த்தார். அதியமானின் ஆயுதம் போரில்தான் முறிந்தது என்பதும் அவருக்குத் தெரியும். உங்களை அனுப்பியிருந்தால் பீலியை எண்ணித் தொண்டைமானுக்கு ஐந்து ஸ்டார் போட்டுவிட்டு, பட்டறையில் கிடந்ததைப் பார்த்து 'பராமரிப்பில்லாத ரெப்போ' என்றிருப்பீர்கள்.

ஆகவே, இனி யாரையும் திட்டுமுன் அவர் எழுதிய ஒரு ஃபைலையாவது முழுதாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால் திட்டுகிற பட்டன் இருந்துவிட்டுப் போகட்டும், சிரித்துவிட்டுப் போவோம். பாராட்டுகிற பட்டனை மட்டும் மூடிவிடுங்கள். அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தவமிருக்காத ஒருவன்,
கிளாவரை.

நகல்: வேலைக்கு ஆள் எடுக்கும் மனிதவள அதிகாரிகளுக்கு. கட்டங்களை எண்ண வேண்டாம். வந்திருக்கும் பிள்ளையை, தான் எழுதிய ஒரு ஃபைலைத் திறந்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கால் மணி நேரம் போதும்.