ஜப்பான் மாஸ்ரர்

மன்னார்த் தீவில் ஒரு காரின் பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். முதலில் ஒரு கழுதை வரும். அடுத்து ஜப்பான் மாஸ்ரர் வருவார். கழுதை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடும்.

பேசாலையில் ஒருவர் இருக்கிறார். எருக்கலம்பிட்டியில் ஒருவர், தலைமன்னாரில் ஒருவர். பட்டினத்துக்குள் தெருவுக்கு ஒருவர் தேறுவார். ஓரிடத்தில் மாஸ்ரர், இன்னோரிடத்தில் நானா, கூத்து ஆடுகிற ஊரென்றால் அண்ணாவியார். பெயர்தான் வேறு, ஆள் ஒன்று. அறுபது தாண்டிய வயது. சட்டைப் பையில் பேனை, கண்ணாடிக்கூடு, நாலாக மடித்த ஒரு பருத்தித் துணி. டிப் ஸ்டிக்கைத் துடைப்பதற்கு அவர் வேறு யாருடைய துணியையும் நம்பமாட்டார். அதில் அவர் பிழையும் இல்லை. ஓட்டோ கியர்ப் பெட்டிக்குள் சின்னச் சின்ன வால்வுகள் நுணுக்கமான இடைவெளியில் ஓடித் திரிகின்றன, அங்கே நூல் பிசிறு போகக்கூடாது. இப்படிச் சரியான விசயங்கள் மாஸ்ரரிடம் நிறையவே உண்டு. முழுதும் பிழையாகச் சொல்லுகிற ஆளென்றால் எப்போதோ விலத்திப் போயிருக்கலாம்.

அவருடைய துறை ஓட்டோ கியர் ஒயில். அந்தத் துறையில் அவருக்கு இருக்கிற கொள்கை ஒன்றே ஒன்று.

"எத்தினை ஓடியிருக்கு தம்பி?"

"ரெண்டு லட்சத்துச் சொச்சம், மாஸ்ரர்."

"கியர் ஒயில்?"

"வாங்கினாப் பிறகு மாத்தயில்ல. அதான் இப்ப ஒருக்கா மாத்திவிடுவம் எண்டு…"

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணாடியைக் கழற்றினால் விசயம் பாரதூரம் என்று அர்த்தம்.

"உள்ளுக்குக் கிடக்கிறது ஜப்பான்காரன் ஊத்தின ஒயில். அதை நீ வடிச்சு ஊத்திப்போட்டா, பிறகு அவன் வந்து ஊத்தித் தருவானோ?"

மாஸ்ரர் ஜப்பானுக்குப் போனதில்லை. ஜப்பான்காரர் ஒருவரோடு பேசியதாகவும் தகவல் இல்லை. ஆனால் ஜப்பான்காரன் என்ன நினைத்து என்ன செய்தான் என்பது அவருக்கு மனப்பாடம். ஐயம் கேட்பவர்களைக் கடற்பாலத்துப் பக்கம் கைகாட்டுவார். போரில் உடைந்ததற்குப் பதிலாக ஜப்பானின் உதவியோடு கட்டி 2010இல் திறந்த பாலம் அது. "அண்டைக்குக் கட்டினவன், இண்டைக்கும் நிக்குது. அதுக்கு ஆரும் ஒயில் மாத்தினவையோ?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

பிந்தி வந்த சில கார்களில் கியர் ஒயில் பார்க்கிற டிப் ஸ்டிக்கே கிடையாது. அடியில் ஒரு புரியாணியைக் கழற்றி, ஒயிலின் சூட்டை அளந்து, மட்டம் பார்க்க வேண்டும். மெக்கானிக்குகள் இதற்குத் திட்டித் தீர்ப்பார்கள். மாஸ்ரருக்கோ இது வேதவாக்கு. "கம்பியே வைக்காமல் அனுப்பியிருக்கிறான் எண்டா என்ன அர்த்தம்? பாக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம் எண்டுதானே!"

அவருடைய பயத்தைச் சிரித்துத் தள்ளுவது சுலபம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு வழி திறந்தது 2025இல்தான், அதுவும் வரியோடு சேர்த்துக் கேட்டால் தலை சுற்றுகிற விலையில். இடைப்பட்ட காலத்தில் கொரோலா 110, 121, நிசான் சனி, கரினா என்று பிறந்த நாட்டில் பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டியவை எல்லாம் இங்கே சீதனப் பேச்சில் காணிக்கு அடுத்த வரியில் வந்து உட்கார்ந்துவிட்டன. அப்படியான காரின் கியர்ப் பெட்டி போனால் மாற்றுப் பெட்டிக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும், ஏறத்தாழ 300 கிலோமீற்றர். மனுவல் கார் நின்றால் தீவு முழுக்க வந்து தள்ளிவிடும். இந்த மண்ணில் தள்ளிவிடுவதற்கு ஆள் பஞ்சமில்லை. ஓட்டோ காரைத் தள்ளி எடுக்க ஏலாது. முன்சில்லு நிலத்தில் உருளக் கட்டி இழுத்தாலோ, எஞ்சின் ஓடாமல் உள்ளே ஒயில் பம்ப் சுற்றாது; மிச்சமிருந்ததும் தேய்ந்துபோகும். லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இதற்கு முந்திய பாடமும் ஒன்று இருக்கிறது. போர் நாளில், பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் ஓடியது மண்ணெண்ணெயில். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் புகை, ஆனால் கார் ஓடியது. வாகனம் எதைக் குடித்தும் உயிர் பிழைக்கும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது. எதிர்பாகம் கிடைக்காத ஊரில் கழற்றியது திரும்பப் பூட்டுப்படாது என்பதையும் சேர்த்துத்தான் கண்டது. "தொடாதே" என்பது அங்கே படித்தது.

சரி, கியர் ஒயிலை மாற்றினால் பெட்டி போகும் என்பது உண்மையா? மாஸ்ரரிடம் சாட்சிகள் உண்டு. இன்னார் மாத்தினவர், மூன்றாம் நாள் றிவேர்ஸ் விழயில்லை. இன்னாரின் கார் மாத்திக்கொண்டு வரக்குள்ளயே தள்ளாடி ஊரடியில் ஸ்லிப் அடித்து நின்றது. சம்பவங்கள் நடந்தவைதான். ஆனால் அந்தக் கார்கள் கராஜுக்கு எப்போது வந்தன என்று கேட்க வேண்டும். பதினைந்து வருடம் யாரும் திறந்து பார்க்கவில்லை. கிளச் தட்டுகள் தேய்ந்து, ஒயில் கறுத்து, கருகல் மணம் அடித்து, கியர் விழ ஒரு மூச்சு பிந்துகிறது. அப்போதுதான் "ஒயிலை மாத்திப் பாப்பம்" என்று வருகிறார்கள். கடைசி மூச்சில் கிடப்பவருக்குச் சேலைன் ஏற்றிய டொக்டர்மீது பழி விழுகிற கதைதான். தேய்ந்த தட்டை எந்த ஒயிலும் வளர்த்துத் தராது. நேரத்தோடு மாற்றி ஒழுங்காக ஓடுகிற கார்களைப் பற்றி தேத்தண்ணிக் கடையில் ஒருவரும் கதைப்பதில்லை. ஓடுகிற காரில் என்ன கதை இருக்கிறது?

"அந்தக் காலத்து ஒயில் வேற" என்பார் மாஸ்ரர். இது வெறும் கிழட்டுப் பெருமூச்சு என்றுதான் எவரும் நினைப்பார்கள். விந்தை என்னவென்றால், இது உண்மை. ஒரு காலத்தில் அமெரிக்க ஓட்டோ கியர் ஒயில்களில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் கலந்திருந்தது. சூட்டைத் தாங்கும், கிளச்சை இதமாகப் பிடிக்க வைக்கும். 1970இல் அந்தத் திமிங்கிலம் அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் ஏறியது, எண்ணெய்க்குத் தடை வந்தது. அவசரத்தில் செய்த மாற்று ஒயில்களால் எழுபதுகளில் அங்கே கியர்ப் பெட்டிகள் கொத்தாகப் பழுதாயின. இரசாயனக்காரர்கள் சேர்மானங்களைத் திருத்தி எடுக்கச் சில வருடங்கள் பிடித்தன. இதை ஒருநாள் மாஸ்ரருக்குச் சொன்னேன். அடுத்த கிழமை பேசாலை மீன்வாடியில் ஒருவர் என்னிடம் வந்து, தன்னுடைய 98ஆம் ஆண்டு கொரோலாவுக்குள் திமிங்கில எண்ணெய் இருக்கிறதாம், கடற்படை பிடிக்குமோ என்று இரகசியமாகக் கேட்டார்.

ஒயிலை உண்மையாகக் கொல்வது எது என்று பார்க்க வேண்டுமானால் பின்னேரம் கடற்கரைக்குப் போக வேண்டும். சோழகம் வீசுகிற நாளில் மணல் தார்வீதி வரைக்கும் ஏறி வரும். மீன் எடுக்கப் போன கார் புதைந்து நிற்கும். சாரதி டி-யில் போட்டு மிதிப்பார், ஆர்-இல் போட்டு மிதிப்பார், திரும்ப டி. வண்டி அரை முழம் அசையாது. எஞ்சின் கொடுக்கிற வலுவில் பெரும்பங்கு ரோர்க் கொன்வேர்ட்டருக்குள்ளேயே சூடாகிப்போகும். ஆறேழு லீற்றர் ஒயில் அத்தனை சூட்டையும் குடிக்கும். அப்படி நாலு பின்னேரம் போதும், ஒயில் கறுக்க. அந்த நேரத்தில் காருக்குப் பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி, "மிதி தம்பி, மிதி! இன்னும் மிதி!" என்று கத்துகிறவர் யாரென்று நினைக்கிறீர்கள்?

போன வருடம் பட்டினத்தில் ஒரு கராஜ். ஒரு வங்கிப் பொடியன் கொரோலா 121 ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கார் நன்றாகத்தான் இருந்தது. இழுவை இருந்தது, ஸ்லிப் இல்லை, கருகல் மணம் இல்லை. நிறம் மட்டும் சிவப்பிலிருந்து தேயிலைச் சாயத்துக்கு இறங்கியிருந்தது. (சிவப்பு என்பது வெறும் சாயம். ஒழுகினால் எஞ்சின் ஒயிலா கியர் ஒயிலா என்று தெரிவதற்காகப் போடுவது.) மாஸ்ரர் டிப் ஸ்டிக்கை இழுத்து, விரலில் தேய்த்து, முகர்ந்து, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். நாக்கில் வைத்ததாகவும் சிலர் சொல்வார்கள், நான் காணவில்லை.

"பழுத்திருக்கு. இதுதான் பதம். தொடாதே."

மெக்கானிக் பொறுமைசாலி. "மாஸ்ரர், கம்பியிலயே ரி-ஃபோர் எண்டு அடிச்சிருக்கு. அந்த ஒயில்தான் வாங்கிக் கிடக்கு. கண்ட கண்டதை ஊத்தப் போறதில்ல."

"ரி-ஃபோரோ ரி-ஃபைவோ, ஜப்பான்காரன் ஊத்தினது ஊத்தினதுதான்."

அப்போதுதான் மெக்கானிக் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தான். தூணில் ஒரு மங்கின ஸ்டிக்கர். மண்ணெண்ணெய்த் துணியால் உப்பையும் ஊத்தையையும் துடைத்தான். முழுக்க ஜப்பான் எழுத்து. நடுவில் மட்டும் ஆங்கிலத்தில் மூன்றெழுத்து: ஏ.ரி.எஃப். பக்கத்தில் பேனையால் 38,000 கிலோமீற்றர் என்று எழுதியிருந்தது.

"மாஸ்ரர், இஞ்ச வந்து பாருங்க. 38,000த்தில ஜப்பான்காரனே ஓட்டோ கியர் ஒயில் மாத்தியிருக்கிறான்."

கராஜ் அமைதியானது. ரயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பொடியன்கூட நிறுத்திவிட்டான். மாஸ்ரர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மாத்தினவன்தான். நான் இல்லையெண்டு சொல்லயில்ல. பிறகு என்ன செய்தவன்? காரை வித்துப்போட்டான்!"

இதற்குப் பிறகு வாதம் நடத்த ஒருவருக்கும் தெம்பில்லை. மெக்கானிக் காரின் அடியில் புகுந்து புரியாணியைக் கழற்றினான். வடிந்ததைப் பழைய தண்ணிப் போத்தல்களில் ஊற்றி அளந்தான். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவுதான் திரும்ப ஊற்ற வேண்டும், கூடினால் நுரைக்கும், குறைந்தால் பம்ப் காற்றைக் குடிக்கும். வந்தது மூன்று லீற்றருக்குக் கொஞ்சம் மேல். மாஸ்ரர் உடனே உசாரானார்.

"இவ்வளவுதானோ? மிச்சம் எங்க?"

"கொன்வேர்ட்டருக்குள்ள நிக்குது. புரியாணியைக் கழட்டினா பாதிகூட வராது, மாஸ்ரர். கொஞ்சம் ஓடவிட்டு, அடுத்த மாசம் திரும்ப வடிச்சு ஊத்துவம். இப்பிடி ரெண்டு மூண்டு தரம். மெசினைப் போட்டு ஒரேயடியா அலசத் தேவையில்ல."

மாஸ்ரரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

"அப்ப பழசு பாதிக்கு மேல உள்ளுக்குத்தான் நிக்குது?"

"ஓம்."

"அதைச் சொல்லன்! ஜப்பான்காரன் இன்னும் உள்ளுக்குத்தான் நிக்கிறான். அப்ப ஒண்டுக்கும் பயமில்ல, தம்பி. ஊத்து."

ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து எல் வரைக்கும் கியர்த் தடியை ஒருமுறை நடத்தி, ஓடுகிற எஞ்சினில் மட்டம் பார்த்தார்கள். சூட்டுக் கோட்டில் சரியாக நின்றது. ஓட்டிப் பார்க்கப் போகும்போது மாஸ்ரர் கேளாமலே முன்சீற்றில் ஏறிக்கொண்டார். கோட்டைப் பக்கமாக ஒரு சுற்று. திரும்பி வந்து இறங்கியவர், "நல்லா இழுக்குது. நான் சொன்னபடி செய்தா ஏன் இழுக்காது?" என்றார்.

மெக்கானிக் வடித்த ஒயிலைக் கழிவுப் பரலுக்குள் ஊற்றப் போனான். மாஸ்ரர் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"உதை ஊத்தாதே! ஒரு போத்தல் தா. வேலிக் கட்டைக்குப் பூசுவம்."

"மாஸ்ரர், எஞ்சின் கழிவொயில் ஒரு பரல் கிடக்கு. அதில தாறன்."

"அது லங்கா ஒயில்," என்றார் மாஸ்ரர். "கறையானுக்கும் வித்தியாசம் தெரியும்."