ஆச்சியின் நிறம்

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஸ்டூடியோவில் முகத்தைத் திருத்துவது பென்சில்தான். சாய்மேசையில் பதித்த பால்கண்ணாடிக்குக் கீழே விளக்கெரியும். அதன்மேல் நெகட்டிவை வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் ஸ்டூடியோக்கார அண்ணாச்சி புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போவார். நெகட்டிவில் எங்கே கறுப்பு ஏறுகிறதோ, பிரிண்டில் அங்கே வெளுக்கும். அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழே விழுந்த குழியும் அப்படித்தான் மறைந்தன. பக்கத்தில் நின்று பார்க்க விடுவார், தொட விடமாட்டார். இருப்பது ஒரே நெகட்டிவ். கீறல் விழுந்தால் போச்சு.

இருட்டறைக்குள் வேறொரு வித்தை. என்லார்ஜர் வெளிச்சம் தாளில் விழும்போது, கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையை முகத்துக்கு நேரே லேசாக ஆட்டிக்கொண்டே வாய்க்குள் விநாடி எண்ணுவார். மறைத்த இடம் வெளுத்து வரும். ஆட்டாமல் பிடித்தால் அட்டையின் விளிம்பு முகத்தில் கோடாக விழுந்துவிடும். அந்த ஆட்டம் கைப்பழக்கம், சொல்லிக்கொடுத்து வருவதல்ல.

அந்த வட்ட அட்டை இன்று கிம்ப் மென்பொருளின் கருவிப்பெட்டியில் சின்னமாக உட்கார்ந்திருக்கிறது. கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் 1995இல் எழுதத் தொடங்கி 1996இல் வெளியிட்ட மென்பொருள் அது. காசு கொடுக்க வேண்டாம். எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே திறந்தும் பார்க்கலாம். தொட விடாத ஒரு தொழிலை, தொட்டுத் தொட்டே படிக்க எனக்கு இடம் கிடைத்தது. கெடுத்தாலும் மூலப்படம் அப்படியே இருக்கும் என்ற தைரியம் போதும், கை தானாகப் பழகும்.

நான் படித்ததெல்லாம் பெரும்பாலும் ஆச்சியின் படத்தில்தான். சுவரில் தொங்கிய கறுப்பு வெள்ளைப் படம். ஹைப்போ என்ற ரசாயனம் சரியாகக் கழுவப்படாத தாள் வருஷம் போகப் போக மஞ்சளாகும். இதுவும் திட்டுத்திட்டாக மஞ்சள் பூத்திருந்தது. கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று அதைச் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யக் கூடாது, கலரில்தான் செய்ய வேண்டும். காரணம் இருக்கிறது. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். டீகம்போஸ் கொடுத்துச் சிவப்பு, பச்சை, நீலம் என்று படத்தை மூன்றாகப் பிரித்தால், நீலத்தில் கறை கன்னங்கரேலென்று நிற்கிறது. சிவப்பில் ஏறக்குறைய காணவில்லை. அந்தச் சிவப்புப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கறைக்கு அடியில் ஆச்சியின் கம்மல் முழுசாக இருந்தது.

பூஞ்சைப் புள்ளிகளுக்கு ஹீல் கருவி. க்ளோன் ஓரிடத்தை அப்படியே பெயர்த்து ஒட்டும். ஹீல், ஒட்டும் இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். கன்னத்தில் வேலை செய்ய ஹீல்தான் சரி. மங்கலை எடுக்க கர்வ்ஸ் என்ற வளைவுக் கோடு. 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 16 பிட்டிலேயே வேலை செய்ய முடிவதால், வளைவை நன்றாக இழுத்தாலும் முகத்தில் எளிதில் பட்டை பட்டையாகத் தெறிப்பதில்லை.

ஆனால் தானியங்கிப் பொத்தானை முகத்தின் பக்கம் நான் விடுவதில்லை. சேலையை வெள்ளையாக்கும் வேகத்தில் அது ஆச்சியையும் வெளுத்துவிடுகிறது. அண்ணாச்சியின் பென்சிலும் அதைத்தான் செய்தது: ஊரில் யாரைப் படம் பிடித்தாலும் ஒரு சுற்று வெளுப்பாகத்தான் கைக்கு வரும், அதற்குத்தான் காசும் கொடுத்தார்கள். ஆச்சி நல்ல கறுப்பு. வெயிலில் களையெடுத்த கறுப்பு. முகத்துக்கு மட்டும் தனியாக மாஸ்க் போட்டு, அதன் நிறத்தை இறக்கியே வைத்தேன். தழும்பையும் தொடவில்லை. பூஞ்சை படத்துக்கு வந்தது, தழும்பு ஆச்சியுடையது.

சித்தப்பா மகள் பார்த்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்களேன்" என்றாள். முடியாது என்றேன். லேயர் கலையாத கோப்பையும் மூல ஸ்கேனையும் அவள் லேப்டாப்பில் ஏற்றி, கிம்பையும் போட்டுக் கொடுத்தேன். முதலில் கலரை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். இப்போது அவள் அம்மாவின் கல்யாணப் படத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.