நூற்றுக்கு 98.49

சைபர் பாதுகாப்பில் இந்தியாவுக்கு நூற்றுக்கு 98.49 மார்க். 2024-இல் ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் போட்டது. முதல் அடுக்கு, உலகுக்கே முன்மாதிரி என்று பட்டமும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளை எடுத்திருந்தால் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்திருப்போம்.

பரீட்சை எப்படி? மொத்தம் 83 கேள்விகள். சட்டம் இருக்கிறதா, கணினி அவசரக் குழு இருக்கிறதா, பயிற்சி உண்டா, அயல்நாடுகளோடு ஒப்பந்தம் உண்டா. பதிலை நிரப்பி ஆதாரம் இணைத்து அனுப்புவது அந்தந்த அரசுதான். ஒன்றியம் சரிபார்க்கும், காகிதத்தை. பூட்டு வாங்கிய ரசீதுக்கு மார்க் உண்டு. ராத்திரி அதைப் பூட்டினீர்களா என்பது சிலபஸில் இல்லை.

கூடங்குளத்தைப் பாருங்கள். அங்கே வைரஸ் புகுந்திருப்பதாக 2019 செப்டம்பர் 4-ஆம் தேதியே மத்திய அவசரக் குழுவான செர்ட்-இன் தகவல் கொடுத்துவிட்டது. அக்டோபர் 29-ஆம் தேதி அணுமின் நிலையம் அறிக்கை விட்டது: எல்லாம் பொய்த் தகவல். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: வைரஸ் வந்தது உண்மைதான், ஆனால் நிர்வாகக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். அணு உலைக்கு ஆபத்தில்லையாம், சந்தோஷம். 55 நாள் தெரிந்து வைத்திருந்த சங்கதியை 56-ஆம் நாள் இல்லவே இல்லை என்றார்களே, அதற்கு எந்த அடுக்கு?

ஆதார் கதை இன்னும் விசேஷம். 500 ரூபாய் கொடுத்தால் யாருடைய ஆதார் விவரத்தையும் பார்க்கலாம் என்று 2018 ஜனவரியில் 'தி டிரிப்யூன்' பத்திரிகை காட்டியது. ஆதார் ஆணையத்தின் புகாரில் போலீஸ் போட்ட எஃப்.ஐ.ஆரில், செய்தி எழுதிய நிருபர் பெயரும் இருந்தது! இரண்டு மாதம் கழித்து அரசு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் ஆறுதல் சொன்னார்: தகவல்கள் 13 அடி உயர, 5 அடி கனச் சுவருக்குள் பத்திரமாக இருக்கின்றன. பாவம், ஹேக்கர்கள் ஏணி தேடி அலைந்திருப்பார்கள்.

திருட்டைச் சொன்னவருக்கு மரியாதை செய்த ஊரும் ஒன்று உண்டு: காஞ்சிபுரம் பக்கத்தில், பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டி, திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த தலம் என்பது ஐதீகம். கழுகு என்ன செய்தது? திருட்டைக் கண்ணால் பார்த்தது, தடுத்தது, சிறகை இழந்தது. ஆனாலும் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, எடுத்துப்போனவன் யார், எந்தத் திசையில் போனான் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடியது. அதற்கு ராமன் மகன் ஸ்தானத்தில் நின்று கொள்ளி வைத்தான். நம் ஆட்களாக இருந்தால், சீதை பர்ணசாலையில் பத்திரமாக இருக்கிறாள், வதந்தி பரப்பிய கழுகின் மேல் நடவடிக்கை என்று அறிக்கை வந்திருக்கும்.

இந்தப் பக்கத்து ரேஷன் கடை வரிசையில் நின்று பாருங்கள். பட்டு இழையில் தேய்ந்த கட்டைவிரலை நெசவாளி வேட்டியில் துடைத்துத் துடைத்து கைரேகை மெஷினில் வைப்பார். ஏற்காது. அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் பி.டி.எஃப்.கள் வரிசை கட்டிக் கிடக்கும். தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரம் இணையத்தில் கிடப்பதாக 2021-இல் பெங்களூரு நிறுவனம் ஒன்று சொன்னது. அரிசி போட வேண்டிய மெஷினுக்கு அடையாளம் தெரியாத ஆளை, திருட வருகிறவனுக்கு நன்றாகவே தெரிகிறது.

98.49 வாங்கிய அதே 2024-இல் சைபர் மோசடியில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய். மக்களவையில் உள்துறை அமைச்சகமே சொன்ன கணக்கு. முந்தைய ஆண்டைப்போல் மூன்று மடங்கு. காவலுக்கு வைத்த செர்ட்-இன்னிடம் விளக்கம் கேட்கலாமா? 2023 நவம்பரில் அதைத் தகவல் அறியும் சட்டத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள்.

அடுத்த முறை ஒன்றியம் 84-ஆவதாக ஒரு கேள்வி சேர்க்கட்டும்: திருட்டைச் சொன்னவர் மீது வழக்குப் போட்டீர்களா? அதற்கும் 'ஆம்' என்று டிக் அடித்து, எஃப்.ஐ.ஆர். நகலை ஆதாரமாக இணைத்துவிடுவோம். மீதி 1.51 மார்க்கும் வந்துவிடும்.