ரப்பர் மீனின் நடுவுநிலைமை: ஓர் ஆய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், ஐந்தங்குல ரப்பர் மீனின் முதுகில் தூண்டில் முள் எவ்விடத்தில் வெளிவரல் வேண்டும் என்பதை ஆராய்தல் நுதலிற்று. நடுவுநிலைமைக்கு என்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். பத்துக் குறளையும் துருவிப் பார்த்துவிட்டேன்; ரப்பர் மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பரிமேலழகரும் கண்டுகொள்ளவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு, டாலஸில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் என் தலையில் விழுந்தது.

முதலில் பெயராய்வு. ரப்பர் மீனை இரையாகக் காட்டிப் பிடிக்கும் மீன் பாஸ். குறிப்பாக, அமெரிக்க ஏரிகளில் வாழும் பெருவாய் பாஸ். தமிழில் எழுதினால் அலுவலக பாஸ், பேருந்து பாஸ், பரீட்சை பாஸ், இந்த பாஸ் நான்கும் ஒரே உருவில் நிற்கும். இடம் நோக்கிப் பொருள் கொள்க. பாஸ் என்று அழைக்கப்பட்டாலும் இது உண்மையான பாஸ் இனம் அன்று, சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயரோ இன்னும் மோசம். 1802இல் பிரெஞ்சு அறிஞர் லசெபேத் கைக்குக் கிடைத்த சிறுவாய் பாஸ் ஒன்றின் முதுகுத் துடுப்பு கிழிந்திருந்தது. கிழிந்த துண்டைத் தனித் துடுப்பு என்று எண்ணி, 'சிறுதுடுப்பி' என்ற பொருளில் மைக்ரோப்டெரஸ் என்று பேரினத்துக்கே பெயர் வைத்துவிட்டார். ஒரு கிழிசல் இருநூறு ஆண்டுகளாகப் பாடமாகிவிட்டது. ஏடு பெயர்த்தெழுதியோரைக் குறை சொல்லும் நம் பதிப்பாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரப்பர் மீனும் ரப்பர் அன்று. பி.வி.சி.யோடு அதை இளக்கும் திரவத்தைக் கலந்து, காய்ச்சி, அச்சில் ஊற்றி ஆறவைத்த பண்டம், ஏறக்குறைய அல்வா. ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் நிக் க்ரீம் என்பவர் 1949இல் இப்படித்தான் பிளாஸ்டிக் மண்புழு செய்தார். அதுவும் வீட்டு அடுப்பில். அவர் மனைவி அப்போது என்ன சொன்னார் என்பதை நான் அறியேன். ஸ்விம்பெய்ட் எனப்படும் நம் மீன், அந்தப் புழுவின் பங்காளி. வால் நுனியில் பூட்ஸ் குதிகால் போல ஒரு தட்டு இருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோத, வால் இடமும் வலமும் அடித்துக்கொள்ளும். கலங்கல் நீரில் கண் தெரியாவிட்டாலும், உடலின் பக்கக்கோட்டு உறுப்பால் பாஸ் அந்த அதிர்வை அறியும்.

இனி நூலின் கருப்பொருள். ஈயத்தலை வைத்த முள்ளை முதலில் மீனின் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து, வளைவு எங்கே வருகிறது என்று பார்த்து, முதுகில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் இட வேண்டும். பிறகு மூக்கின் நடுவில் குத்தி, ஊசியில் பூ கோப்பதுபோல் உடலைச் சுருக்கிச் சுருக்கி ஏற்றி, கீறலில் முனையை வெளியே எடுக்க வேண்டும். ஒரு நூலிழை விலகினாலும் மீன், ஒரு பக்கம் மட்டும் மூட்டை கட்டிய சைக்கிள் போலச் சாய்ந்தே ஓடும். வேகமாகச் சுருட்டினால் பம்பரமாகிவிடும். "சாய்ந்து நீந்துவது நோயுற்ற மீன் போல் தோன்றும், அதுவும் நல்லதே" என்பாரும் உளர். அது தம் கைக்குற்றத்தை மறைப்பார் கூற்று, கொள்ளற்க. கழற்றி மறுபடி ஏற்றலாம் என்றால், ஒவ்வொரு முறையும் துளை பெரிதாகி மீன் தலையிலிருந்து வழுக்கி இறங்கும். அதற்கு ஒரு சொட்டு ஃபெவிக்விக் போன்ற பசை வைப்பது வழக்கம். நான் ஒரு முறை கட்டைவிரலையும் சேர்த்து வைத்தேன்.

பாசியும் மரக்கட்டையும் மண்டிய இடத்துக்கு வேறு முறை. முள்ளின் கண்ணருகே உள்ள சுருள்கம்பியை மூக்கில் திருகி ஏற்றி, முள்ளை வயிற்றுப் பிளவின் வழியே செலுத்தி, முதுகில் எடுத்து, முனையை மட்டும் தோலுக்கடியில் லேசாகச் செருகிவிடுவது. முள்ளின் தண்டில் உள்ள ஈயம் வயிற்றுக்கடியில் நின்று, தோணியின் அடிப்பாரம்போல் மீனை நிமிர்த்திப் பிடிக்கும். எம்முறையாயினும், தூர எறிவதற்கு முன் காலடியில் இரண்டடி இழுத்து, நேராக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்க.

பெட்டியிலேயே வால் மடங்கிப்போன மீனைக் கொதிநீரில் சில நொடி முக்கி, நீட்டி ஆறவைத்தால் நிமிரும். அதற்குத் தேநீர்ப் பாத்திரம் உகந்ததன்று என்பது எங்கள் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. இன்னொன்று: வேறுவேறு வகைப் பிளாஸ்டிக் மீன்களை ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றையொன்று உருக்கிக் கூழாக்கும். இதற்குரிய அதிகாரம் கூடா நட்பு.

சாதனைகளைப் பார்ப்போம். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ்; ஆதாரத்தை அவர் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டார். 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரித்தா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல். முந்தைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸ் வேண்டும் என்பது விதியாதலால், இருவரும் சமம் என்று முடிவாயிற்று. பெர்ரி மர மீனிலும் குரித்தா உயிருள்ள மீனிலும் பிடித்தனர். ரப்பர் மீனுக்கு இதில் பங்கில்லை என்பது என் ஆய்வுக்கு உதவாத செய்தி. ஆதலால் மேலே செல்வோம்.

கள ஆய்வு டாலஸிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள லேக் ஃபோர்க் ஏரியில் நடந்தது. உடன் வந்தவர் ஆறு மாத விசாவில் வந்திருந்த மாமனார். மன்னார்குடிப் பக்கத்தில் உயிர்த் தவளை கோத்து விரால் பிடித்தவர். நான் முள் ஏற்றுவதை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, பொண்ணு பார்க்கப் போன அன்னைக்குக்கூட நீங்க இவ்வளவு நேரா வகிடு எடுக்கலையே" என்றார். பதினோரு மணிக்கு வாலில் ஒரு தட்டு. தட்டியதும் வெட்டி இழுப்பது கன்னி முயற்சியாளர் செயல். பாரம் ஏறும்வரை சுருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தேன். ராடு வளைந்தது. மீன் வந்தது. முள் மேலுதட்டின் நட்டநடுவில் நின்றது. கோட்பாடு நிறுவப்பட்டது என்க.

மாமா அதற்குள் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதுவரை வந்துவிட்டார். அளந்தேன்: 17 அங்குலம். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்குக் குறைந்த பாஸைக் கொண்டுபோகலாம். 24க்கு மேற்பட்டதில் ஒன்றைக் கொண்டுபோகலாம். நடுவில் உள்ளதை உடனே ஏரியில் விட்டுவிட வேண்டும்.