பள்ளியிலேயே காலேஜ் கிரெடிட் சேர்க்கச் சில குறுக்கு வழிகள்

அமெரிக்காவில் மாமா பெண் பள்ளியில் படிக்கும்போதே ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வு எழுதி, காலேஜில் ஒரு செமஸ்டரையே மிச்சம் பிடித்துவிட்டாளாம். குடும்ப வாட்ஸ்அப்பில் இதைப் படித்த கையோடு, கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலோ வட்டவடையிலோ பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் பிள்ளையை முறைக்க வேண்டாம். அமெரிக்கர்கள் 1950-களில் தொடங்கிய சமாச்சாரத்துக்கு நம்மிடமும் 2023 முதல் காகிதம் இருக்கிறது. தேசியக் கிரெடிட் கட்டமைப்பு என்று பெயர். பள்ளிப் படிப்புக்கும் அதில் கணக்கு உண்டு. 30 மணி நேரம் கற்றால் 1 கிரெடிட். வருஷத்துக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். கேரளத்தில் 2024-இல் வந்த புது டிகிரித் திட்டத்தில் மூன்று வருஷப் பட்டத்துக்கு 133 கிரெடிட் வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ சேர்த்து 80 வந்துவிட்டதே, மீதி 53-தானே என்று காலேஜ் ஆபீசில் போய்க் கேட்டுவிடாதீர்கள். அது வேறு ஏணி, இது வேறு ஏணி.

குறுக்கு வழிதான் வேண்டுமென்றால், முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். காலேஜில் சேர்ந்ததும் கிரெடிட் வங்கிக் கணக்கு கேட்பார்கள். அதற்கு ஆதார் வேண்டும். ஆதாரில் முருகேசனுக்கு ஆங்கிலத்தில் 'ஜி' இருக்கும், எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் மலையாள வழக்கப்படி 'கே' இருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். இதைத் திருத்த அக்ஷயா சென்டரில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். 30 மணி சேர்ந்ததும் 'பொது நிர்வாகம்' என்று 1 கிரெடிட் போட்டுக்கொள்ளலாம்.

அனுபவக் கற்றலுக்கும் மதிப்புண்டு என்று கிரெடிட் கட்டமைப்பே சொல்வதால், அடுத்தது பஸ். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் 200 பள்ளி நாளில் 400 மணி நேரம், அதாவது 13 கிரெடிட். பாடத்திட்டம் கடினமானது. மாணவர் கன்செஷன்காரர்கள் கண்டக்டர் டபுள் பெல் அடிக்கும்வரை படிக்கட்டுக்குக் கீழே நிற்க வேண்டும்; அடித்த பிறகு, வண்டி நகர்வதற்குள் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு பையும் ஏற வேண்டும். இயற்பியல் செய்முறைத் தேர்வு என்றே இதைக் கொள்ளலாம். சீட் காலியாக இருந்தாலும் உட்காராமல் நிற்பது சமூகவியல். கஞ்சிக்கோட்டு வழியாகப் போகிறவர்கள் பாலக்காடு ஐஐடி போர்டைப் பார்த்ததற்குத் தனியாகக் கிரெடிட் கோர வேண்டாம், பேராசையாகிவிடும்.

மொழிபெயர்ப்பில்தான் அள்ளலாம். வில்லேஜ் ஆபீஸ் நோட்டீஸ், கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு விண்ணப்பம் எல்லாம் மலையாளத்தில் வரும். தேயிலைத் தோட்ட லயத்துப் பாட்டி, "கண்ணு, இதுல என்னடா போட்டிருக்கான்?" என்று நீட்டுவார். தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளை வாசித்து, தமிழில் சொல்லி, பாட்டி சொல்வதை மலையாளத்தில் எழுதி, கையெழுத்து எங்கே என்றும் காட்டும். மூணாறில் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும் இந்தப் படிப்புக்கு மதிப்பெண் போட இன்னும் எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. சான்றிதழாக ஒரு நெய்யப்பம் கிடைக்கும்.

கிரேஸ் மார்க்கைக் கிரெடிட் என்று எண்ணி ஏமாறாதீர்கள். எஸ்பிசி (மாணவர் போலீஸ் கேடட்), என்எஸ்எஸ், கலோத்ஸவம் எல்லாம் மார்க்கை ஏற்றும், காலேஜ் பாடத்தைக் குறைக்காது. முன்பு பிளஸ் ஒன் சேர்க்கையில் நீச்சலுக்குக்கூட போனஸ் இருந்தது. தேயிலை மலையில் குளம் தேடிய அப்பாக்களுக்குத்தான் அதற்கு மார்க் கொடுத்திருக்க வேண்டும்.

விளையாட்டில்லாமல் ஒன்று. சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டத்துக்குப் பதினோராம் வகுப்பு முடிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடம், வாராவாரம் அசைன்மென்ட், பிறகு நேரில் போய் எழுதும் தகுதித் தேர்வு. தேறினால் இடம் உறுதி. பிளஸ் டூ முடித்த பிறகுதான் சேர முடியும், 142 கிரெடிட்டும் அதற்குப் பிறகுதான் எண்ணத் தொடங்கும். ஆக, கிரெடிட் கிடையாது, துண்டு போட்ட சீட் உண்டு. பாடம் ஆங்கிலத்தில். வட்டவடையில் சிக்னல் எந்தப் பாறை மேல் வரும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்து வையுங்கள். அசைன்மென்டுக்குக் கடைசித் தேதி உண்டு, மழைக்கு விலக்கு கிடையாது.